வண்டியில ஒண்ணும் இல்ல

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தேடிப் போகவில்லை, சாப்பாட்டு மேசைக்கே வந்தது. என் மனைவி கார்களில் மின்கோளாறு பார்ப்பவள். சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறாள். நான் கதை எழுதுகிறேன். வீட்டில் இரண்டு பேர் சம்பாதிக்கிறோம் என்று நான் யாரிடமாவது சொன்னால், அவள் மரியாதைக்காகச் சும்மா இருப்பாள்.

மதியம் சாப்பிட வரும்போது, அன்றைக்குப் பார்த்த வண்டியைப் பற்றி ஏதாவது சொல்வாள். நான் உம் கொட்டுவேன். ஒருநாள் ஒன்றுமே சொல்லாமல் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து நின்று, "ஒரு பெரியவரை நானும் சேர்ந்து பொய்யராக்கிட்டேங்க" என்றாள்.

அதன் பிறகு அவள் சொன்னதைத்தான் எழுதப் பார்க்கிறேன். எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதலாம், ஆனால் கோளாறைக் கண்டுபிடித்தவள் என்று தன்னைப் பற்றி எழுதக் கூடாது என்றாள். கண்டுபிடித்தது அவள்தான். என் கஷ்டம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "அந்தப் பெரியவர் ரிவர்ஸ் கியரைப் போட்ட கணத்தில், அவருடைய வாழ்க்கையும் பின்னோக்கி"

(இதோடு நிறுத்திவிட்டேன். ரிவர்ஸ் கியரை வைத்துத் தத்துவம் பேச யாராலும் முடியும்.)

இரண்டாவது: "கியர்பாக்ஸின் ஆழத்தில் ஒரு தீப்பொறி பறந்தது." இதைப் படித்துவிட்டு என் மனைவி வெகுநேரம் சிரித்தாள். தீப்பொறி பறந்தால் தன்னைக் கூப்பிட மாட்டார்களாம், தீயணைப்பு வண்டியைத்தான் கூப்பிடுவார்களாம். இந்தக் கோளாறு சத்தமும் போடவில்லை, புகையும் விடவில்லை. அதனால்தான் இவ்வளவும் நடந்தது என்று சொல்லும்போது சிரிப்பு போய்விட்டது.

மூன்றாவது தொடக்கத்தில் பெரியவரை அச்சகத்தில் பிழைதிருத்துபவராக ஆக்கியிருந்தேன். ஊரார் பிழையையெல்லாம் திருத்தியவர் மேல் ஒரு பிழை விழுகிறது, எவ்வளவு தோதாக இருக்கிறது பாருங்கள். என் மனைவி பென்சிலால் அதை அடித்துவிட்டாள். அவர் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்தவர். நடந்து நடந்து இடது முழங்கால் தேய்ந்துபோனவர். கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்னதால்தான் ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கினார்.

முழங்காலிலிருந்தே தொடங்கியிருக்கலாம். சரி, போகட்டும்.

3

பெரியவருக்கு மனைவி இல்லை. மகளோடு இருக்கிறார். மகள் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். காலையில் மகளைக் கடையில் இறக்கிவிடுவார். பிறகு பழைய அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போவார். அந்த நண்பருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. அவரைத் தாங்கிப் பிடித்து முன்சீட்டில் உட்கார வைத்து, ஊருக்கு வெளியே ஏரிக்கரை வரை ஓட்டிக்கொண்டு போய், வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வருவார்கள். நண்பர் வீட்டைவிட்டு வெளியே வருவது அந்த ஒரு நேரம்தான்.

அன்றைக்கு நண்பரை ஏற்றப் போகும் வழியில், டீ பிளாஸ்கை மறந்தது நினைவுக்கு வந்து பெரியவர் வீட்டுக்குத் திரும்பினார். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டியைக் கிளப்பினார். என்ஜின் நல்ல சூட்டில் இருந்தது. எதிர்வீட்டுச் சிறுமி சைக்கிளை வண்டிக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி நிறுத்திவிட்டு, தங்கள் வீட்டு கேட்டைத் திறக்கப் போயிருந்தாள். பெரியவர் ரிவர்ஸ் போட்டார். வண்டி குதித்தது.

சைக்கிள் பம்பருக்கு அடியில் போய்விட்டது. சிறுமி கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

பெரியவர் அலறியடித்து வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். பிரேக்கில் கால் வைத்துத்தான் கியர் போட்டதாகவும், வண்டி தானாகக் குதித்ததாகவும், பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்ததாகவும் எல்லோரிடமும் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. வயசாகிவிட்டது, இனிமேல் எதற்கு ஐயா வண்டி என்றார்கள். மகள் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தாள். அவளும் திட்டவில்லை.

"அப்பா, பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சிருப்பீங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

(மகளைக் கொஞ்சம் கெட்டவளாக எழுதினால் கதைக்கு நல்லது என்று ஒரு நண்பர் சொன்னார். முயன்று பார்த்தேன். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். இன்னும் கொஞ்சம் கடுமையாகவே கேட்டிருப்பேன்.)

4

பம்பரைச் சரிசெய்ய வண்டி முதலில் டிங்கர் பட்டறைக்குப் போனது. அங்கிருந்து என் மனைவியிடம் வந்தது. அப்பா விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார், கியர்பாக்ஸில் எதற்கும் பார்த்துவிடுங்கள் அக்கா என்றாள் மகள்.

என் மனைவி ஸ்கேனரைச் செருகிப் பார்த்தாள். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் மாற்றுவதை ஒரு கணினிதான் கவனித்துக்கொள்கிறது. கம்பிகளில் ஏதாவது விட்டுப்போனால் அது தன் நினைவில் குறித்து வைத்துக்கொள்ளும். ஸ்கேனரில் அது ஓர் எண்ணாக வரும். அன்று எந்த எண்ணும் வரவில்லை. தெருவைச் சுற்றி ஓட்டியும் பார்த்தாள். முன்னால், பின்னால், மறுபடி முன்னால். வண்டி வெண்ணெய் மாதிரி போனது.

இன்னொன்றும் நடந்தது. வண்டிக்குள் கடிகாரம் தப்பான நேரம் காட்டிக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி அதைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தாள். யாரும் கேட்காமலேயே, வாடிக்கையாளருக்கு ஓர் உபகாரமாக.

(இந்த ஒரு பத்தியை எடுத்துவிட்டால் என் மனைவி மேல் யாருக்கும் வருத்தம் வராது. எடுத்துத்தான் வைத்திருந்தேன். பத்தி எங்கே என்று கேட்டு, திரும்பச் சேர்க்க வைத்தது அவள்தான்.)

வண்டியில் ஒன்றும் இல்லை என்றாள். மகள், அதை அப்பாவிடமே ஒரு தடவை சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் நம்ப மாட்டார் என்று போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஐயா, நல்லா செக் பண்ணிட்டேன். வண்டியில ஒண்ணும் இல்லைங்க."

"அப்ப சரிம்மா" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

5

(இந்தப் பகுதியில் நடந்தவற்றை நானும் பார்க்கவில்லை, என் மனைவியும் பார்க்கவில்லை. மகள் பிறகு பட்டறையில் உட்கார்ந்து சொன்னது. அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். நான் விரித்தால் அலங்காரம் வந்துவிடும்.)

சாவி மகளின் கைப்பைக்குள் போனது. பெரியவர் சட்டையை மாற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், நான்தான் தப்பா மிதிச்சிட்டேன், மன்னிச்சிடுங்க என்று சொல்லிவிட்டு வந்தார். அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் மகளைக் கேட்க ஆரம்பித்தார். அடுப்பை அணைத்தேனா, மாத்திரை போட்டேனா, கதவைப் பூட்டினேனா. அவள் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நண்பர் கொஞ்ச நாள் போன் செய்தார். வரமுடியாததற்குப் பெரியவர் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னார். பிறகு போனும் வரவில்லை.

அப்பாவுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்று மகள் முடிவு செய்தாள். தெரிந்த டாக்டர்களை விசாரித்தாள். வண்டியைத் தானே ஓட்டப் பழகிக்கொண்டாள்.

6

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் மகள் மொத்தக் கடையில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பினாள். தன் கடை வாசலில் வண்டியை ஒழுங்காக நிறுத்த ரிவர்ஸ் போட்டாள். வண்டி குதித்தது. பின்சீட்டுப் பெட்டிகள் சரிந்து விழுந்தன.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிரேக்கின் மேல் இருந்தது.

எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நகர்ந்தது. அணைத்தால் சரியாகிவிடுமோ என்று பயந்து, அணைக்காமலேயே நேராகப் பட்டறைக்கு ஓட்டி வந்தாள். சரியாகிவிடுமோ என்று பயம். இந்த வாக்கியத்தை நான் கற்பனையில் எழுதியிருக்கவே முடியாது.

இந்த முறை ஸ்கேனரில் எண் இருந்தது. அதைப் பார்த்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, அன்றைக்கு டிங்கர் பட்டறையில் பேட்டரியைக் கழற்றினார்களா என்பது. ஆமாம், வெல்டிங் வைப்பதற்காகக் கழற்றினார்கள் என்றாள் மகள். பேட்டரியைக் கழற்றியதில் அந்த வண்டியின் நினைவில் இருந்த குறிப்பு அழிந்துபோயிருக்கிறது. கடிகாரமும் அதனால்தான் கண்சிமிட்டியது; அதைப் பார்த்த அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மகளை உட்கார வைத்து, பிரேக்கை மிதித்து ரிவர்ஸ் போடச் சொல்லிவிட்டு, என் மனைவி மின்சாரம் அளக்கும் மீட்டரைப் பிடித்துக்கொண்டு கம்பிகளைக் கவனித்தாள். கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு மின்வால்வு உண்டு. அதற்குப் போகிற கம்பி ஒரு தகட்டில் இறுக்கமாக மாட்டியிருந்தது. ரிவர்ஸ் போடும்போது என்ஜின் லேசாகச் சாயும். சூட்டில் இளகிய கம்பி அப்போது இழுபடும். மேலே ரப்பர் உறை முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. இழுபடும்போது விட்டுப்போகும், நிமிர்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் விட்டுப்போனால் கியர்பாக்ஸ் முழு அழுத்தத்துக்குப் போய்விடும். கியர் அடித்துக்கொண்டு விழும். வண்டி குதிக்கும்.

(இங்கே மனிதர்களையும் அறுந்த கம்பியையும் வைத்து ஓர் உவமை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

பெரியவர் சொன்னது அத்தனையும் உண்மை. மகள் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு, "ஒண்ணும் இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க அக்கா. நீங்களே வந்து சொல்லிடுங்க" என்றாள்.

7

மறுநாள் என் மனைவி அவர்கள் வீட்டுக்குப் போனாள். வெட்டியெடுத்த கம்பித்துண்டைப் பெரியவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் விளக்கினாள். தான் சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுணுக்கமான வேலை, எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறாய் என்று பாராட்டினார். தேநீர் போடச் சொன்னார். மகள் அசையாமல் நின்றாள்.

"ரொம்ப நல்லதும்மா" என்றார். "ஆனா அன்னிக்கு நான் எதை மிதிச்சேன்னு இப்ப எனக்கே தெரியல. மொதல்ல பிரேக்குன்னுதான் ஞாபகம் இருந்துச்சு. அப்புறம் நீங்கல்லாம் சொல்லச் சொல்ல, ஆக்ஸிலேட்டரை மிதிச்சதும் ஞாபகம் வந்துடுச்சு. கால்ல அது அழுந்தினதுகூட ஞாபகம் இருக்கு."

"நீங்க பிரேக்லதான் வச்சிருந்தீங்க ஐயா. கம்பியே சொல்லுது."

"நீ அங்க இல்லையேம்மா" என்றார். குரலில் கோபமே இல்லை என்கிறாள் என் மனைவி. கொஞ்சமாவது கோபப்பட்டிருக்கலாம் என்கிறாள்.

8

முடிவுகள்.

ஒன்று: பெரியவர் சாவியை வாங்கிக்கொண்டு நேராக நண்பர் வீட்டுக்குப் போகிறார். நண்பர் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருக்கிறார். ஏரிக்கரை, டீ. இதை நன்றாகவே எழுதியிருந்தேன். என் மனைவி படித்துவிட்டு, இப்படி நடந்திருக்கணும் என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டு: சாவி மேசைமேல் கிடக்கிறது. அவர் அதைத் தொடவில்லை. ஜன்னல் வழியே வெயில்

(இல்லை. அந்த வெயிலை நான்தான் கொண்டுவந்தேன்.)

நடந்தது இதுதான். மகள் சாவியை அப்பாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். கையைப் பிடித்து வண்டிவரை அழைத்துப் போனாள். அவர் உட்கார்ந்தார், பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தார், வண்டியைக் கிளப்பினார். மகள் திறந்த கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் கியரில் கை வைத்தார். கை நகரவில்லை.

"கொஞ்சம் குனிஞ்சு பாரும்மா. என் கால் பிரேக்லதான இருக்கு?"

மகள் குனிந்தாள். அதற்கு மேல் அங்கே நிற்க என் மனைவிக்குத் தெம்பில்லை. கருவிப்பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துவிட்டாள்.

ஒரு போன் போட்டு, பிறகு என்ன ஆயிற்று என்று மகளிடம் கேளேன் என்றேன். கதை முடிய வேண்டாமா எனக்கு? மாட்டேன் என்றாள். நல்ல பதிலாக இருந்தால் தனக்கு நிம்மதி வந்துவிடும், அது வேண்டாம் என்றாள்.

கால் பிரேக்கில்தான் இருந்தது. மகளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அவர் நம்பினாரா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். என்னிடம் விட்டால், நம்பினார் என்று எழுதிவிடுவேன். அடுத்த அறையில் உட்கார்ந்து, வேறு யாருடைய வண்டிக்கோ கம்பிகளை உரித்துக்கொண்டிருப்பவளுக்காக.