வலது கால்

வாய்க்கரிசியைப் போட்டுவிட்டு வேம்பு நிமிர்வதற்குள் ஒரு பெண் அவள் தோளைத் தொட்டாள். காதில் ஒயர், கையில் மைக், நெற்றி முழுக்க வியர்வை. சென்னையிலிருந்து பிணத்தோடு கூடவே வந்திருக்கும் டிவிக்காரி.

"அம்மா, ஒரு நிமிஷம். நீங்க போட்டது கேமராவுல விழல. இந்தப் பக்கமா நின்னு இன்னொரு தடவ போடுறீங்களா?"

வேம்பு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவன் ஒரு தடவதானே பாப்பா செத்திருக்கான்" என்று சொல்லி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பந்தலை விட்டு வெளியே வந்தாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவன் அவளுடைய தம்பி தங்கையன். ஆனால் அந்தப் பெயரை இன்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. கீழத்தெரு முழுக்க ஒட்டியிருந்த சுவரொட்டிகளில் அவன் 'கலைச்சுடர் சோழச்செல்வன்'. 'உழவனின் கண்ணீரைத் திரைக்குத் தந்தவர்' என்றது ஒன்று. 'வயலில் அடிபட்டவர், வானில் கலந்தார்' என்றது இன்னொன்று. கட்சிக் கரை போட்ட துண்டைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தி, முகத்தில் பவுடர் அப்பி, உதட்டில் லேசாகச் சாயமும் தடவியிருந்தார்கள். செத்த பிறகும் இவனுக்கு மேக்கப் போட ஆள் கிடைத்திருக்கிறான் என்று வேம்பு நினைத்துக்கொண்டாள்.

பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு நஃபீசா மூக்கைச் சிந்தினாள்.

"எட்டரை மணி நாடகத்துல நேத்துதான் பேத்திக்கு மாப்பிள்ள பாத்துட்டு வந்தாருக்கா. இனிமே அந்தத் தாத்தாவுக்கு யாரப் போடுவாங்க?"

"யாரையாவது போடுவாங்க. ஒட்டுத்தாடிதானே?" என்றாள் வேம்பு.

நஃபீசா அடிபட்டவள் போலப் பார்த்தாள். இத்தனை பேர் அழுகிற இடத்தில் கூடப்பிறந்தவள் கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை என்று காலையிலிருந்தே பெண்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். வேம்புவின் காதிலும் அது விழுந்திருந்தது.

பறை முழங்கியது. கும்பகோணத்திலிருந்து வேன் வைத்து வந்திருந்த ரசிகர் மன்றத்தார் நாலு பேர், வெள்ளைச் சட்டையில் அவன் படத்தைக் குத்திக்கொண்டு பாடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஆளுக்கொரு கம்பை ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தார்கள். கூட்டம் விசிலடித்தது. டிவிக்காரியின் முகம் மலர்ந்துவிட்டது. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒருவன் அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே ஓடினான்.



அந்த நடைதான் தங்கையனைச் சோழச்செல்வன் ஆக்கியது. பண்ணையார் ஆட்களிடம் அடிபட்டுக் கால் ஒடிந்த கூலியாளாக, இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவன் நடித்த படத்தில் அந்த ஆள் வரப்பின் மேல் காலை இழுத்து நடந்துபோவான். மூன்று நிமிஷம் வசனமே கிடையாது. தமிழ்நாடே அழுதது என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கப்புறம் அவன் எந்த மேடையில் ஏறினாலும் ஜனங்கள் நடந்து காட்டச் சொன்னார்கள். அவனும் காட்டினான். கடைசிக் காலத்தில் டிவி பேட்டிகளில், அந்தப் பாத்திரம் தன் சொந்தக் கதை என்றே சொல்லத் தொடங்கிவிட்டான்.

அது இளையபெருமாளின் நடை. வேம்புவின் புருஷன்.

எழுபதாம் வருஷத்து அறுவடை. புது ஆட்சி வந்து மூன்று வருஷம் ஆகி, சுவரெல்லாம் கட்சிக் கொடி வரைந்திருந்தார்கள். வயலில் மட்டும் பழைய ஆட்சிதான் நடந்தது. கலம் நெல்லுக்கு அரை மரக்கால் கூலியைக் கூட்டிக் கொடுக்காமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று கூலியாட்கள் சங்கத்தார் களத்தை மறித்து நின்றார்கள். முன்னால் நின்றவன் இளையபெருமாள். அன்றே தலைமறைவானவனைப் பத்தாம் நாள் ஊர் மிராசுதார் நடுப்பண்ணையின் ஆட்கள் பிடித்து, இரும்புத் தடியால் முழங்காலை நொறுக்கிப் போட்டார்கள். அப்புறம் இருபது வருஷம் அவன் காலை இழுத்துக்கொண்டே ஏரோட்டினான், தாசில்தார் ஆபீசுக்கு அலைந்தான், உச்சவரம்பில் மீந்த நிலத்தில் இரண்டு மா வாங்கிப் பட்டாவும் பெற்றான்.

அந்தப் படத்தை இருவரும் டூரிங் கொட்டகையில் மணலில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள். கொட்டகையே விசும்பியது. இளையபெருமாள் பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"கால மாத்திப்புட்டான் பாரு. எனக்கு வலது கால்ல."

அவன் செத்தபோது இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். வேம்பு எண்ணவில்லை. சுடுகாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் காப்பி போட்ட பக்கத்து வீட்டுக் காத்தாயி எண்ணியிருந்தாள். தங்கையனிடமிருந்து படப்பிடிப்பில் இருப்பதாகத் தந்தி மட்டும் வந்தது.

"யக்கா! யக்காவ்!"

அந்தக் காத்தாயிதான் இப்போது வாய்க்கால் பக்கமிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்தாள். பறைச் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"நம்ம வயல்ல குழி வெட்டுறானுவக்கா! நாத்து முடியெல்லாம் வரப்புல தூக்கி எறிஞ்சுட்டானுவ!"

 வேம்பு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். நேற்று மத்தியானம் சாவுச் செய்தி டிவியில் வருவதற்கு முன்பே நாற்று பறித்து முடி முடியாகக் கட்டி வைத்தாகிவிட்டது. முறைத் தண்ணீர் நாளையோடு நின்றுபோகும்.

வயலின் நடுவே இடுப்பளவு வெட்டியிருந்தார்கள். உழுது பரம்படித்துக் கண்ணாடிபோல் கிடந்த சேற்றில் பத்துப் பேரின் காலடித் தடம். குழியில் தண்ணீர் ஊற, ஒருவன் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தான். வரப்பில் குடைபிடிக்க ஆள் வைத்துக்கொண்டு ஒன்றியச் செயலாளர் வைரக்கண்ணு நின்றார். பக்கத்தில் வேம்புவின் மகன் நாகநாதன். கும்பகோணத்தில் பள்ளிக்கூட வாத்தியார். மாமன் பெயரைச் சொல்லாமல் யாரிடமும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தெரியாதவன்.

"வாங்க ஆத்தா. உங்களுக்குச் சொல்லியனுப்பத்தான் இருந்தோம்" என்றார் வைரக்கண்ணு. "கலைச்சுடரு பேட்டியில சொல்லியிருக்காருல்ல, நான் ரத்தம் சிந்துன மண்ணுல என்னைப் பொதைங்கன்னு. அவரோட கடைசி ஆச. நாலு மணிக்கு மந்திரி வர்றாரு. இங்க மணிமண்டபம் வரும், ரோடு வரும். உங்க ஊருக்குத்தான் பெரும."

"எந்த மண்ணுல ரத்தம் சிந்துனான்?"

"இந்த மண்ணுலதான்."

"எந்த வருசம்?"

வைரக்கண்ணு நாகநாதனைப் பார்த்தார். நாகநாதன் குனிந்துகொண்டு சொன்னான்.

"நான்தாம்மா சரின்னு சொன்னேன். ரெண்டு மாவுல மூணு குழி நெலம்தானே கேக்குறாங்க. மாமாவுக்கு வேற யாரும்மா இருக்கா? அத்தையும் போயிட்டாங்க, புள்ளகுட்டியும் இல்ல."

வேம்பு வயலில் இறங்கினாள். வாளிக்காரனை விலக்கிவிட்டுக் குழிக்குள் குதித்தாள். அறுபதைத் தாண்டியவள் குதிப்பாள் என்று ஒருவரும் நினைக்கவில்லை. முழங்கால்வரை சேற்றுத் தண்ணீர் அவளைச் சுற்றிக் கலங்கியது.

"என்னத் தூக்கிட்டு அவன வையி."

அதற்குள் பாடையும் வந்து சேர்ந்துவிட்டது. பறை நின்றது. கேமராக்காரன் வரப்பில் வழுக்கியபடியே குழியை நோக்கிக் குறிபார்த்தான். ஒரு நல்ல காட்சி கிடைத்துவிட்ட பரபரப்பில் டிவிக்காரி மைக்கை நீட்டினாள். "தம்பியின் பிரிவைத் தாங்க முடியாமல்" என்று அவள் கேமராவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தது எல்லோருக்கும் கேட்டது.

"எம்மா, மேல வாம்மா. மானம் போவுது" என்று நாகநாதன் கையை நீட்டினான். "கூடப்பொறந்தவருக்கு ஆறடி எடம் தர மனசு வரலியா ஒனக்கு?"

அந்தக் கையை அவள் பிடிக்கவில்லை.

"உங்கப்பா தாழங்காட்டுல ஒளிஞ்சிருந்தாரு" என்றாள். சத்தம் போடவில்லை. நாற்றங்காலில் ஆள் கணக்குச் சொல்கிற குரல். "பத்து நாளு. எடம் எனக்குத் தெரியும், இவனுக்குத் தெரியும். நீ அப்ப வயித்துல. என்னால நடக்க முடியலன்னு கஞ்சி கொண்டுபோனது இவன்தான். ஒரு நாளு மத்தியானம் வெறுந்தூக்கோட திரும்பி வந்தான். என் மொகத்தப் பாக்கல. பொழுது சாயிறதுக்குள்ள உங்கப்பாவ இழுத்தாந்து, அந்தா அந்த மதகுகிட்டப் போட்டு நொறுக்குனாங்க. மறுவாரம் இவன் மெட்ராசுக்கு ரயில் ஏறுனான். அங்க படக் கம்பெனி வச்சிருந்தது யாரு? நடுப்பண்ணையோட மச்சினன்."

 குழியின் விளிம்பிலிருந்து ஈரமண் ஒரு கட்டியாகச் சரிந்து தண்ணீரில் விழுந்தது.

"ஏப்பா, கேமராவ நிறுத்து" என்றார் வைரக்கண்ணு.

"அப்பவே நிறுத்திட்டேண்ணே."

"ஆத்தா துக்கத்துல என்னமோ பேசுது. யாரும் இத வெளியில கொண்டுபோகாதீங்க." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி ஒரு கணம் யோசித்தார். அந்த யோசனையில் செத்தவனும் இல்லை, குழியில் நிற்பவளும் இல்லை, நாலு மணிக்கு வரப்போகிற கார் மட்டும்தான் இருந்தது என்பது வேம்புவுக்கு நன்றாகவே தெரிந்தது. "சரி, ஆத்தங்கரைக்கே தூக்குங்க. மண்டபத்துக்கு மெயின் ரோட்டுப் பக்கமா எடம் பாத்துக்கலாம். அதுதான் மாலை போட வர்றவங்களுக்கும் வசதி."

தம்பி காட்டிக்கொடுத்தான் என்பதை இவர்கள் நம்பாமல் போய்விடுவார்களோ என்று வேம்பு ஒரு நிமிஷம் தயங்கியிருந்தாள். இப்போது புரிந்தது. நம்பிவிட்டார்கள். அது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

பாடை திரும்பியது. பறை மறுபடி ஆரம்பித்தது, முன்பைவிட மெதுவாக. ரசிகர் மன்றத்து நாலு பேரும் கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு நேராக நடந்தார்கள்.

வரப்பு குறுகல் என்பதால் பாடையைத் தோளிலிருந்து இறக்கிக் கைகளில் பிடித்து, வயலுக்குள் இறங்கிக் குழிக்குப் பக்கமாகவே கொண்டுபோக வேண்டியிருந்தது. குழிக்குள் நின்றவளின் கண்ணுக்கு நேராகத் தங்கையனின் பாதங்கள் போயின. கட்டைவிரல்களைச் சேர்த்துத் துணிக்கிழிசலால் கட்டியிருந்தார்கள். முகத்துக்குப் பவுடர் போட்டவன் காலைக் கவனிக்கவில்லை. முப்பது வருஷம் செருப்பிலும் காரிலும் இருந்த கால். ஆனாலும் குதிகாலில் பித்தவெடிப்பு அப்படியே இருந்தது. சின்ன வயதில் மாடு மேய்த்துவிட்டு வந்து அவன் காலை நீட்டி உட்காருவான், அவள் வேப்பெண்ணெய் தடவிவிடுவாள். எரியுதுக்கா, எரியுதுக்கா என்று கத்துவான்.

மூங்கில் கொத்தைத் தாண்டிப் பாடை மறையும்வரை வேம்பு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொள்ளி வைக்க வேண்டிய நாகநாதன் கூட்டத்தோடு போனான். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. வேம்பு கையை ஊன்றி, காத்தாயி இழுக்க, மேலே ஏறினாள். வரப்பில் சிதறிக் கிடந்த நாற்று முடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தண்ணீரில் நனைத்து வைத்தாள்.

"இன்னிக்கு நடலாமாக்கா? தீட்டாச்சே" என்றாள் காத்தாயி.

"நாத்துக்குத் தெரியாது. எறங்கு."

ஐந்து பெண்கள் இறங்கினார்கள். யாரும் நடவுப் பாட்டு பாடவில்லை. மேற்கு மூலையிலிருந்து நட்டுக்கொண்டே வந்து, குழிக்குப் பக்கம் வந்ததும் ஒதுங்கி நட்டார்கள்.

நாகநாதன் திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மொட்டையடித்த தலையோடு, ஆற்றில் முழுகிய ஈரவேட்டியோடு வரப்பில் வந்து நின்றான். மந்திரி பேசுவது ஒலிபெருக்கியில் வயல் வரைக்கும் கேட்டது. உழைக்கும் மக்களின் வலியைத் தன் உடம்பிலே சுமந்த மாபெரும் கலைஞன், என்றது அந்தக் குரல். கை தட்டினார்கள்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல, இத்தன வருசம்?"

வேம்பு குனிந்த தலை நிமிராமல் நட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா சொல்லக் கூடாதுன்னாரு. தெரிஞ்சா நம்ம தெருவாளுங்களே அவன வெட்டிப்புடுவாங்கன்னு பயம். கால ஒடச்சவனுக்குக் கடைசி வரைக்கும் காவல் இருந்தாரு."

 நாகநாதன் குழி வெட்டியவர்கள் விட்டுப்போயிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினான். வெட்டிப்போட்ட சேற்றை வாரி வாரிக் குழியில் தள்ளினான். உள்ளங்கை கொப்பளித்தது. நிரவியதும் அதன்மேல் ஏறி மிதித்தான். முழங்கால்வரை உள்ளே போயிற்று. காலை உருவியெடுத்து மறுபடி மிதித்தான்.

காத்தாயி ஒரு நாற்று முடியை அவன் பக்கம் விட்டெறிந்தாள். அவன் அதை அவிழ்த்து, பெண்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் குழி இருந்த இடத்தில் ஊன்றினான். இதுவரைக்கும் நட்டு அறியாதவன். ஆழம் போதவில்லை. அவன் கையை எடுத்ததும் பாதி நாற்று சாய்ந்து மிதந்தது.

வேம்பு அவன் பின்னாலேயே வந்து, மிதந்தவற்றை எடுத்து ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டு போனாள்.