மூன்று லேபிள்களுக்கு ஓர் எண்

மார்ச் பதினான்காம் தேதி காலை ஒன்பது மணிக்கு, சோப்புத்தூள் பட்டறையில் மூன்றாவது வியாபாரப் பெயருக்கான லேபிள் கட்டுகள் வந்து இறங்கின. நீலமும் பச்சையும் ஏற்கெனவே இருந்தன, இது சிவப்பு. மூன்றுக்கும் தூள் ஒரே தொட்டியிலிருந்துதான்.

லேபிள் ஒட்டுகிறவளுக்குப் பட்டறையில் 'பசை' என்று பெயர். அன்று அவள் வேலையைத் தொடங்காமல், மூட்டை தைக்கிறவரிடம் ஒரு கடிதத்தை நீட்டினாள்.

"அண்ணே, நேத்து வீட்டுக்கு வந்துச்சு. வரி ஆபீஸ்னு போட்டிருக்கு. ஒண்ணும் புரியல."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "வரி எண் ஒண்ணு. அதுக்குக் கீழ மூணு வியாபாரப் பேரு. நம்ம லேபிளுங்கதான். உரிமையாளர்னு உன் பேரு." சிரித்துவிட்டார். "முதலாளியம்மா, எங்களுக்கு எப்போ சம்பளம் ஏத்துவீங்க?"

பக்கத்தைத் திருப்பியதும் அவர் குரல் இறங்கியது. "மூணு வருஷ வரி பாக்கியாம். முப்பது நாள்ல கட்டலைன்னா வீட்டை எடுத்துக்குவாங்களாம்."

அவளுக்கு இருந்தது அம்மா விட்டுப்போன ஓர் அறை வீடு.

முதலாளி கடிதத்தை முழுக்கப் படிக்கவில்லை. "ஒரே ஆளு எத்தனை பேர்ல வேணாலும் வியாபாரம் பண்ணலாம்மா. ஒரு நம்பர் போதும். அதுல தப்பே இல்ல."

"அந்த ஆளு நான் இல்லையே சார்."

"வேலைக்குச் சேரும்போது ஆதார் அட்டை நகல் குடுத்தே, கையெழுத்துப் போட்டே."

"இன்சூரன்ஸுக்குன்னு சொன்னீங்க."

"மத்ததெல்லாம் கைநாட்டு. உனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரிஞ்சுது." பாராட்டுவதுபோல் சொன்னார். "நான் பாத்துக்கறேன். போ, சிவப்பை ஒட்டு."

திங்கட்கிழமை பட்டறை பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். தொட்டி இருந்த இடத்தில் ஈர வட்டம் மட்டும் இருந்தது. முதலாளியின் போன் அணைந்திருந்தது.

வரி அலுவலகத்தில் அதிகாரி மூன்று லேபிள்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"இந்தப் பேருங்க தெரியுமா?"

"தெரியும் சார். நான்தான் ஒட்டுவேன்."

"தெரியும்னு எழுதிக்கோ," என்றார் பக்கத்திலிருந்த எழுத்தரிடம். "இந்தக் கையெழுத்து?"

"என்னுதுதான். ஆனா சார்..."

"அப்புறம் என்னம்மா? இதுலயும் போடுங்க."

அவள் போடவில்லை. 'கையெழுத்திட மறுத்தார்' என்று எழுத்தர் எழுதினார்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி முற்பகல் இரண்டு ஊழியர்கள் வந்து, அவள் வீட்டைப் பூட்டி, கதவில் ஜப்தி நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள். மேல் மூலையில் பசை போதவில்லை, காற்றில் எழும்பியது. பாத்திர மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, கைப்பழக்கத்தில் கட்டைவிரலால் அதை அழுத்தித் தேய்த்தாள். ஒட்டிக்கொண்டது.