விளக்கு வைத்த பிறகு உறை தருவதில்லை

என் கணவர் அவினாசியப்பனின் கணையம் எங்கள் சமையலறையில் ஒரு மண்சட்டியில் இருக்கிறது. பதினோரு வருடங்களுக்கு முன் அவர் உடம்பிலிருந்த கணையம் வேலையை நிறுத்தியபோது, ஆஸ்பத்திரியில் ஒரு கரண்டி உறைமோர் கொடுத்தார்கள். அதிலிருந்த நுண்ணுயிர்களுக்கு இன்சுலின் சுரக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். மாலையில் பாலில் ஊற்றி வைத்தால் விடிவதற்குள் தயிராகிவிடும். காலையில் அவர் ஒரு கிண்ணம் சாப்பிடுவார். மறுநாளுக்கு ஒரு கரண்டி எடுத்து வைப்பேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் இரண்டே குறிப்புகள் இருந்தன. ஒரு காலை தவறினால் மறு காலை கிடையாது. உறை, தான் உறைந்த வீட்டை மறப்பதில்லை.

எங்கள் ஊரில் எல்லாமே உறையால்தான் நடக்கிறது. பருத்திக் காட்டுக்கு உறை ஊற்றிய வருடத்திலிருந்து புழு வருவதில்லை. சாயப்பட்டறைத் தொட்டிகளில் மாலையில் உறை ஊற்றினால் காலையில் நிறம் திரண்டிருக்கும். ஆற்றுக்கு, சித்திரை பிறந்ததும் நகராட்சிக்காரர்கள் ஒரு வாளி ஊற்றுவார்கள். மறுநாள் முழுதும் ஆறு கரையிலிருந்து கரை வரை வெள்ளையாக உறைந்து நிற்கும். கொக்குகள் அதன்மேல் நடக்கும். அடுத்த நாள் இளகி, கழிவுச் சாயத்தையெல்லாம் தின்று முடித்த தெளிவோடு ஓடும். உறைந்து நிற்கும் அந்த ஒரு நாள் ஊரில் மேளம் கிடையாது. பஸ்கள் பாலத்தை மெல்லக் கடக்கும். உறையும்போது சட்டியை ஆட்டக் கூடாது.

மாசி மாதம் என் நாத்தனார் வெள்ளையம்மாள் காங்கேயத்திலிருந்து வந்திருந்தாள். நூலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வீடெல்லாம் தாளித்த வாசனை.

"தயிரு புளிச்சுக் கெடந்துச்சுங் நங்கை. வீணாப் போகுதேன்னு மோர்க்கொழம்பு வெச்சுட்டேன். பூசணிக்காயும் போட்டிருக்கறேன்."

"தனியா ஒரு கரண்டி எடுத்து வெச்சிருந்தேனே?"

"அதையுந்தானுங். சொட்டு விடாம வழிச்சுட்டேன்."

கூடத்திலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார். "எங் கணையத்தையா கொழம்பு வெச்ச?"

"ஆமாங்ண்ணா."

"பெருங்காயம் போட்டயா?"

கொதித்த உறை வேலை செய்யாது. ஆஸ்பத்திரியில் புதிதாகக் கேட்டால் ஒன்பது நாளாகும். அதே உறை எதிர் வீட்டுத் துளசிமணியிடம் மட்டும்தான் இருந்தது. அவள் கணவர் நாச்சிமுத்து, சாயப்பட்டறை மேஸ்திரி. இறந்து மூன்று வருடமாகிறது. சட்டியிலிருந்த அவர் கணையத்துக்கு ஒரு குறையும் இல்லை. துளசிமணி தினமும் பால் ஊற்றி வந்தாள். மீந்த தயிரை முருங்கை மரத்துக்கு விடுவாள்.

நான் தெருவைக் கடந்து போனபோது அவள் தீக்குச்சியை அணைத்துக்கொண்டிருந்தாள். பூஜை மாடத்தில் சுடர் அப்போதுதான் நிமிர்ந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"விளக்கு வெச்சாச்சுங்க்கா."

விளக்கு வைத்த பிறகு யாரும் யாருக்கும் உறை தருவதில்லை. தந்தால் கூடவே லட்சுமியும் போய்விடுவாள். உறை ஊற்ற வேண்டிய பால் என் வீட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

"குடுக்கத்தானுங்க்கா கூடாது," என்றாள். "ஆளே கெளம்பிப் போனா?"

"போறவங்களைத் தடுக்க முடியுமா?"

அவள் சட்டியின் மூடியைத் திறந்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஆளிடம் பேசுவதுபோலச் சொன்னாள்: "ஏனுங், எதுத்தூட்டு அண்ணனுக்கு முடியலையாம். ஒரு எட்டுப் போயிட்டு வாங்க." பிறகு கரண்டியைச் சட்டிக்குள் நீட்டினாள். ஒரு கட்டி தானாக அதில் ஏறிக்கொண்டது.

நான் கிண்ணத்தை நீட்டி, "வாங்க," என்றேன்.

வாசல்வரை வந்தவள், "காப்பி சூடா இருக்கோணுமுங்க்கா. இல்லீன்னா அவரு வாயே தொறக்க மாட்டாரு," என்றாள்.

வெதுவெதுப்பான பாலில் அவரை ஊற்றி மூடினேன். அந்த ஒரு கரண்டியில் இருந்தவை உலகத்து மனிதர்களைவிட அதிகம். ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமல், ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு மனிதனின் மறு காலையை அவை செய்துகொண்டிருந்தன. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

விடிந்ததும் சட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். அசையவில்லை.

என் கணவர் ஒரு கிண்ணம் சாப்பிட்டார். சூடான காப்பியைக் குடித்தார். பிறகு நிமிர்ந்து என் சேலையைப் பார்த்தார். "இது வெறும் மஞ்சள் இல்ல. கடுக்காயில முக்கி எடுத்த மஞ்சள்," என்றார்.

நாற்பத்தாறு வருடங்களில் அவர் என் சேலையின் நிறத்தைச் சொன்னது அதுதான் முதல் முறை. நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

பத்து மணிக்குத் துளசிமணி வந்தாள். என் கணவரைப் பார்த்துக் கேட்டாள்: "பீரோச் சாவிய எங்கதானுங் வெச்சீங்க?"

"அரிசி டின்னுக்கு அடியில."

"மூணு வருசமாத் தேடறனுங். சொல்லிட்டுப் போறதுக்கென்ன?"

"நீ கேக்கவே இல்லியே."

மறுநாள் அவள் மடிப்புக் கலையாத கிளிப்பச்சைச் சேலை உடுத்தியிருந்தாள்.

சித்திரை பிறந்தது. ஒரு மாலை, விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால், நகராட்சி மேற்பார்வையாளர் ரங்கதுரை காலி வாளியோடு வாசலில் நின்றார்.

"ஆத்துக்கு எடுத்து வெச்ச உறைங்கம்மா. வெயில் தாங்காம ஆபீசுல எல்லாரும் உப்புப் போட்டுக் குடிச்சுட்டாங்க. நாளைக்கு ஆறு உறையோணும். இல்லீன்னா சாயம் அப்படியே நின்னுரும்."

"விளக்கு வெச்சாச்சே."

"தெரியுங்கம்மா." செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்.

சட்டியில் மறுநாளுக்கான ஒரு கரண்டிதான் இருந்தது. அதில் பாதி போனால் மீதி உறையுமா என்று சீட்டில் எழுதவில்லை. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சட்டியைப் பார்த்தார்.

"கூப்பிட வந்தவங்களை நிக்க வைக்கக் கூடாது," என்றார்.

மூடியைத் திறந்தேன். "ரெண்டு பேரும் போயிட்டு வாங்க," என்று சட்டியிடம் சொன்னேன். பாதி வாளிக்குப் போனது.

காலையில் எங்கள் சட்டி உறைந்திருந்தது. அவர் சாப்பிட்ட பிறகு ஆற்றங்கரைக்குப் போனோம். ஊரே அங்கே நின்றது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே வெண்மை. யாரும் பேசவில்லை. என் கணவர் தொண்டையைக் கனைத்தார். நடு ஆற்றிலிருந்து அதே கனைப்பு திரும்பி வந்தது.

துளசிமணி கிளிப்பச்சைச் சேலையில் படித்துறை இறங்கினாள். கையில் பிளாஸ்க் இருந்தது. டம்ளரில் காப்பியை ஊற்றி, சூடு சரியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, குனிந்து ஆற்றின் ஓரத்தில் விட்டாள்.

ஆறு பேச ஆரம்பித்தது.