நாற்பது ரிசீவர்கள்

தையல்காரம்மாவின் மகன் பெரிய கலைஞன். ஊரே சொல்கிறது, அவள் மட்டும் இல்லை என்றா சொல்லப் போகிறாள். மிஷின் மிதித்துக்கொண்டே அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். பதில் வராது. வேலையாக இருப்பான் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வாள். கடைசியாக அனுப்பியது ஒன்பது நாளுக்கு முன்பு: வயிற்றில் கட்டியாம், அடுத்த வாரம் திங்கட்கிழமை ஆபரேஷனாம், சொந்தக்காரர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அதற்கும் சத்தமே இல்லை. சரி, நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று அவனுடைய கண்காட்சி திறக்கும் நாளில் கிளம்பி வந்துவிட்டாள்.

வெள்ளை அறை. மேலிருந்து நாற்பது பழைய டெலிபோன் ரிசீவர்கள் தொங்கின. ஒன்றை எடுத்துக் காதில் வைத்தாள். "சாப்பிட்டியாப்பா?" என்றது அவள் குரலே. இன்னொன்றில், "பட்டன் தைச்சு வச்சிருக்கேன், சட்டையை வந்து எடுத்துக்கோ." பின்னால் மிஷின் கடகடவென்று ஓடியது. பார்க்க வந்தவர்கள் கேட்டுக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுத்தான் இருக்கிறான்.

ஜன்னலோர ரிசீவரில் திங்கட்கிழமை விஷயம் இருந்தது. அதைக் கையில் பிடித்தபடியே மகனைக் கூப்பிட்டாள்.

"இதைக் கேட்டியாப்பா?"

"எதையுமே கேக்கலம்மா. கேக்காததுதான் இந்தப் படைப்புக்கு உயிரே. எதை வைக்கணும்னு உதவிக்கு இருக்கிற பொண்ணுதான் பார்த்தா. என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"இது ஒண்ணை மட்டும் கேளேன்." ரிசீவரை நீட்டினாள்.

அவன் இரண்டடி பின்னால் போனான். "நான் கேட்டா எல்லாம் பொய்யாயிடும். அதுல இருக்கறதைச் சொல்லியும் வைக்காத. பத்திரிகைக்காரங்க வந்துட்டாங்க, அப்புறம் பேசலாம்."

சொல்ல ஒரு நொடி போதும். வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது, நல்ல கோபம். கெஞ்சி வாங்குகிற கையெழுத்து வேண்டவே வேண்டாம் என்று ரிசீவரை விட்டுவிட்டாள்.

உதவிக்கு இருக்கும் பெண் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். "நான் எல்லாத்தையும் கேட்டேம்மா. திங்கட்கிழமை நான் வரேன். ஃபார்ம்ல என்ன உறவுன்னு கேப்பாங்களே, என்னன்னு போடட்டும்?"

அந்தப் பக்கம் மகன் மைக்கைப் பிடித்து மனிதர்களின் தனிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். நன்றாகவே பேசினான்.

"மகள்னு போடு," என்றாள் தையல்காரம்மா. "இல்லைன்னு சொல்ல அங்க யாரும் வரப்போறதில்ல."