தெரியாத இரண்டு கேள்விகள்

ஐம்பத்தேழாம் வருஷம் மார்ச் எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் சயன்ஸில் கோட்டை விட்டேன். என் சிநேகிதி சந்திரா தேறிவிட்டாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஏன் இருக்காது? புத்தகமே என்னுடையது. அவள் அப்பா மில் தொழிலாளி; புத்தகம் வாங்க வழியில்லை. சாயங்காலம் ஸ்ரீராமபுரத்திலிருந்து மல்லேஸ்வரத்துக்கு நடந்து வந்து, எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போவாள். மீதி நேரமெல்லாம் அது என்னிடம்தான். பன்னிரண்டு தடவை படித்தேன். முக்கியமான வரிகளுக்குச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். கோடு இல்லாத வரியே பாக்கியில்லை.

"செப்டம்பர்ல தேறினா காலேஜ். இல்லேன்னா மைசூர் வரனை வரச் சொல்லி எழுதிடுவேன், ருக்கு" என்றார் அப்பா. அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கோ காலேஜ் என்றால் உயிர்.

சந்திரா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "உனக்கு மட்டும் எப்படிடி வந்தது?" என்று சண்டைக்குப் போவது போலவே கேட்டேன்.

"இதயத்துல ரத்தம் எப்பிடி ஓடுது, சொல்லு பாக்கலாம்" என்றாள் அவள்.

கரைத்துக் குடித்த பாடம். வாயைத் திறந்தேன். படம் எந்தப் பக்கத்தில் என்பது ஞாபகம் வந்தது, சிவப்புக் கோடுகள் வந்தன. ரத்தம் எங்கே போகிறது என்பது மட்டும் வரவில்லை. குழாயடிப் பெண்கள் முன்னால் திருதிருவென்று விழித்தேன். அவமானம் பிடுங்கித் தின்றது.

"என்கிட்ட புஸ்தகம் ஏது? வூட்டுக்கு நடக்கறப்ப படிச்சத எனக்கு நானே சொல்லிக்குவேன். எங்க முட்டுதோ அத மட்டும் சீட்டுல எழுதி மறுநா உங்க வூட்ல பாப்பேன். நாலு நாள் வுட்டு திரும்பவும் சொல்லிப் பாப்பேன். அவ்ளோதான்டி."

அன்றே புத்தகத்தை அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். "பரீட்சைக்குப் படிக்கறவ புஸ்தகத்தைத் தானம் பண்ணுவாளோ?" என்று அப்பா குதித்தார். தினமும் போய் ஒரு மணி நேரம் படித்துவிட்டு, வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன். இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று கடைக்காரர்கள் நினைத்திருப்பார்கள். முதல் நாள் முப்பது இடத்தில் முட்டியது. ஆகஸ்டில் நாலைந்து.

பரீட்சை முடிந்து வந்ததும், "எப்படி எழுதினே?" என்றார் அப்பா.

"ரெண்டு கேள்வி தெரியலைப்பா."

அவர் முகம் விழுந்துவிட்டது. மார்ச்சில் 'எல்லாம் பிரமாதம்' என்று சொல்லிவிட்டுத் தோற்றவள் ஆயிற்றே. மறுபேச்சில்லாமல் மைசூருக்குக் கடிதம் போட்டுவிட்டார், தை மாதம் பெண் பார்க்க வரச் சொல்லி. எனக்கு எது தெரியும், எது தெரியாது என்பது வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எனக்குத் தெரிந்திருந்தது. அதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? அழுதேன், வேறென்ன செய்ய.

ரிசல்ட் வந்த காலையில் பத்திரிகையில் என் நம்பரை விரல் வைத்து இரண்டு தடவை பார்த்தார். ஒரு கார்டை எடுத்து எழுதி என்னிடம் நீட்டினார். 'பெண் காலேஜில் சேரப் போகிறாள். தாங்கள் க்ஷமிக்க வேண்டும்.'

"நீயே போட்டுட்டு வா" என்றார்.

தபால் பெட்டி தெருக்கோடியில் இருந்தது. அவர் மனசு மாறிவிடுமோ என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.