ஆரணி கேட்ட முதல் வெடி

றொமேஷின் இடது காது மெல்லிய ஒலிகளைத் தவறவிடுகிறது என்று கண்டுபிடித்தது அவன் மனைவி ஆரணிதான். ஆஸ்பத்திரியில் செவிப்புலன் சோதிப்பது அவள் வேலை. வார இறுதிகளில் எசெக்ஸ் பண்ணைகளுக்குப் போய், பயிரை அழிக்கும் மான்களைச் சுட்டுக் குறைப்பது அவன் வேலை.

குட்மேய்ஸில் இருக்கும் அவர்கள் வீட்டில் அவனுடைய றைபிள் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். ஆரணி அந்தப் பக்கம் திரும்பியும் பாராள். வன்னியில் பதுங்குகுழிக்குள் வளர்ந்தவள் அவள். அவன் சுடுவதை ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனாலும் வெடிச்சத்தத்தைக் குறைக்கும் கருவி வாங்க அவன் துப்பாக்கிக் கடைக்குப் போனபோது அவளும் போனாள். "போன காது திரும்பி வராது. வாங்கிறதை நானும் பாக்கவேணும்."

குழல் முனையில் திருகிப் பூட்டும் சத்தக்குறைப்பானை அங்கே மொடறேற்றர் என்றார்கள். கடைக்காரர் றைபிளின் குண்டு ரவை அளவையும் குழல் முனையின் திருகுமரையையும் கேட்டு, பொருந்துகிற இரண்டை எடுத்து வைத்தார். கையடக்கமான சின்னதில் றொமேஷின் கண் போனது. மற்றது பருமன், பாதி உடல் குழலின் மேலேயே பின்னோக்கிப் படிந்து கிடக்கும். எது சத்தத்தைக் கூட அடக்கும் என்று ஆரணி கேட்டாள். பருமனானதுதான் என்றார் அவர்.

"அப்ப அதுதான். இதைப் போட்டாலும் காதுமூடி போடவேணும், விளங்குதே?"

"ஓம், ஓம்," என்றான் றொமேஷ்.

அந்தச் சனிக்கிழமை அவன் அதைப் பூட்டிக் குறி சரிபார்க்கப் போனபோது அவளும் காரில் ஏறினாள்.

"நீர் வரவேணுமெண்டில்லை," என்றான்.

"தெரியும்."

சுடுகளத்துக்கு வெளியே, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் இருந்தாள். முதல் வெடியில் உடம்பு விறைத்தது. சத்தம் இருந்தது, ஆனால் நெஞ்சை உலுக்கும் இடியாக இல்லை, காய்ந்த தடியை முறித்தாற்போல வந்து அடங்கியது. அடுத்த வெடிக்குக் காத்திருந்தாள். பிறகு கண்ணாடியை இறக்கினாள். கொஞ்சம் கழித்துக் காதுமூடியை மாட்டிக்கொண்டு, இறங்கிப் போய் அவனுக்குப் பின்னால் நின்றாள். றொமேஷ் மறுபடி குறி பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் றைபிளை மொடறேற்றரோடு அப்படியே பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

"கடைக்காரர் அதைக் கழட்டி வைக்கச் சொன்னவரெல்லே? உள்ளுக்கை ஈரம் நிண்டால் குழல் வாய் துருப்பிடிக்கும். பெட்டியைத் திறவுங்கோ."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு திறந்தான். மொடறேற்றரைத் திருகிக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். உள்ளே கரியும் ஈரமும். அவள் மரையைத் துணியால் துடைத்து, காய்வதற்காக மேசையில் நிமிர்த்தி வைத்தாள். அவன் குழல் முனைக்கு எண்ணெய் பூசினான்.

"அடுத்த கிழமையும் வாறன்," என்றாள் ஆரணி.