ஆறாம் பக்கத்தில் மாறிப்போன தொடர்ச்சி

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஊழியர் மன்றம் மாதாமாதம் ஒரு செய்திமடல் போட்டு வந்தது. மொத்தம் எட்டுப் பக்கம். அதைக் கணினியில் வடிவமைத்துக் கொடுப்பவள் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். முன்பு அதைப் பார்த்தவர் மாற்றலாகிப் போனபோது, நீதான் நன்றாக டைப் அடிக்கிறாயே என்று சொல்லி மன்றச் செயலாளர் அவள் தலையில் கட்டிவிட்டார். மென்பொருளை அவளே நோண்டி நோண்டிக் கற்றுக்கொண்டாள்.

அதில் அவளுக்குப் பிடித்தது கட்டுரையைப் பக்கம் தாண்ட வைப்பது. முதல் பக்கப் பெட்டியில் கட்டுரை அடங்காவிட்டால் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புக் குறி வரும். அதைத் தொட்டுவிட்டு, ஆறாம் பக்கத்தில் காலியாக இருக்கும் பெட்டியைத் தொட்டால் மிச்சமெல்லாம் அங்கே போய் வழிந்து நிரம்பிவிடும். சிவப்புக் குறி மறைந்துவிடும். அது மறைந்தால் கட்டுரை ஒரு வரி விடாமல் வந்துவிட்டது என்று அர்த்தம். யாருடைய வரி என்று அந்தக் குறி பார்க்காது.

அந்த மாதம் முதல் பக்கத்தில் இரண்டு கட்டுரைகள். ஒன்று, ஓய்வு பெற்ற ஸ்டோர் கீப்பர் பிரிவுபசாரக் கூட்டத்தில் பேசிய பேச்சு. முப்பது வருஷம் ஆணியும் வால்வும் எண்ணிக் கொடுத்தவர். யாரையும் ஏறிட்டுப் பார்த்து ஒரு சொல் சொல்லாதவர். மற்றது அவளுடைய தம்பி எழுதியது. அவன் அதே நிலையத்தில் எலக்ட்ரீஷியன். கோபம் அவனுக்கு மூக்கு நுனியில் இருக்கும். பெண்கள் உடை மாற்றும் அறையின் கூரை ஒழுகுகிறது என்று மேலாளருக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தான். பலன் இல்லை. கடைசியில் செய்திமடலுக்கே எழுதிவிட்டான். வேண்டாம்டா, வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதே என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. செயலாளரும் போடலாம் என்றுவிட்டார்.

இரண்டும் முதல் பக்கத்தில் அடங்கவில்லை. ஆறாம் பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு பெட்டி போட்டு, தலைப்பும் வைத்தாள். பிறகு, ஸ்டோர் கீப்பர் சுவர்க் கடிகாரம் வாங்கும் படம் மேலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றவே, தலைப்புகளை இடம் மாற்றினாள். கட்டுரைகளின் மிச்சத்தைப் பெட்டிகளில் கோக்கும்போது, தலைப்பு மாறியதை மறந்து பழைய நினைப்பிலேயே கோத்துவிட்டாள். இரண்டு சிவப்புக் குறியும் மறைந்தன. செயலாளர் தலைப்புகளையும் தன்னுடைய தலையங்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அச்சாகி வந்துவிட்டது.

ஒட்டு தெரிந்திருந்தால் யாராவது அச்சுப் பிழை என்று புரிந்துகொண்டிருப்பார்கள். ஒட்டே தெரியவில்லை. முதல் பக்கத்தில் ஸ்டோர் கீப்பர், 'இத்தனை வருஷத்தில் நான் யாரையும் குறை சொன்னதில்லை. ஆனால் போகிற நேரத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது' என்று முடித்திருந்தார். ஆறாம் பக்கம் அவர் படத்துக்குக் கீழே, 'மேலாளர் பெண்கள் உடை மாற்றும் அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சுவிட்ச் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குகிறது. யாராவது ஷாக் அடித்து விழுந்தால்தான் வருவாரா?' என்று தொடங்கி வெளுத்து வாங்கியது.

தம்பியின் கதை வேறு மாதிரி. 'இதற்கெல்லாம் காரணம் யார் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்' என்று அவன் முதல் பக்கத்தில் கொதித்திருந்தான். ஆறாம் பக்கத்தில், 'என் மனைவிதான் எல்லாவற்றுக்கும் காரணம். அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை' என்று உருகியிருந்தான்.

அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

வீட்டில் அம்மா, அவள், தம்பி மூன்று பேர்தான். மகன் பெயர் வந்திருக்கிறது என்றால் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிப்பாள். முதல் பக்கத்தை முடித்து, தொடர்ச்சி ஆறாம் பக்கம் என்று போட்டிருந்ததை நம்பி ஆறாம் பக்கத்துக்குப் போனாள். போனவள் தாளைக் கையில் பிடித்தபடியே சமையலறைக்கு வந்து நின்றாள்.

"இவனுக்கு எப்படி கல்யாணம் ஆச்சு? உனக்குத் தெரியுமா?"

அப்போதுதான் அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து இரண்டு கட்டுரையையும் கடைசி வரி வரை படித்தாள். எங்கே தப்பு நடந்தது என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கி என்ன பயன்? நிலையத்தில் எல்லார் கையிலும் ஒன்று இருந்தது.

நிலையத்தில் இரண்டு நாள் இதே பேச்சு. தம்பியைப் பார்க்கிறவர்கள் எல்லாம் வீட்டில் சௌக்கியமா என்று விசாரித்தார்கள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பம்ப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கேன்டீனில் இன்னொரு பேச்சும் ஓடியது. தம்பியைக் காப்பாற்ற அக்காவே வேண்டுமென்று மாற்றிவிட்டாள். ஓய்வு பெற்றுப் போனவரை மேலாளர் என்ன செய்ய முடியும்? கெட்டிக்காரி. இப்படிச் சொன்னவர்கள் அவளைப் பாராட்டித்தான் சொன்னார்கள். அது அவ்வளவு பொருத்தமாக இருந்ததால், இல்லை என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஒரு கட்டத்தில் அவளுக்கே சந்தேகம் வந்தது. மனசுக்குள் தேடிப் பார்த்தாள். அன்றைக்குத் தலைப்பை மாற்றியபோது கடிகாரப் படத்தைத் தவிர வேறு எதுவும் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

தம்பியும் நம்பவில்லை. வீட்டில் அவளோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டான். துண்டு எங்கே என்பதைக்கூட அம்மா வழியாகக் கேட்டான்.

மேலாளருக்கு வந்தது கோபம் இல்லை, அதிர்ச்சி. எலக்ட்ரீஷியன் எழுதியிருந்தால் வழக்கமான புலம்பல் என்று தள்ளியிருப்பார். வாயில்லாப் பூச்சி என்று பெயர் வாங்கிய மனுஷன், போகும்போது இப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்றால் என்னவோ இருக்கிறது. இதழ் வந்த அன்று மத்தியானமே அந்த அறையைப் போய்ப் பார்த்தார். சுவிட்ச் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே தண்ணீர் நின்றது. பிறகு ஸ்டோர் கீப்பர் வீட்டுக்குப் போன் பண்ணி, நீங்கள் சொல்லித்தான் எனக்குக் கண் திறந்தது என்றார். அடுத்த வாரம் கொத்தனார் வந்துவிட்டார்.

ஸ்டோர் கீப்பர் அந்தப் போனில், அது நான் சொன்னதில்லை என்று சொல்லவில்லை. போன் வந்த மறுநாள் நிலையத்துக்கு வந்தார். அங்கிருந்த பெண்களிடம் அனுமதி கேட்டு அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு அவள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். அவள் எழுந்து நின்று, தப்பு தன்னுடையதுதான் என்றும் அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடுவதாகவும் சொன்னாள்.

"போடுங்கம்மா. ஆனா கூரை வேலை முதல்ல முடியட்டும். அதுவரைக்கும் நான் சொன்னதாவே இருக்கட்டும். போய்ப் பார்த்துட்டேன், இனிமே அது பொய் இல்ல."

அவள் தலையாட்டினாள். அவர் கிளம்ப எழுந்தார்.

"என் வீட்டுக்காரியைப் பத்தி ஊரறிய ஒரு தடவைதான் பேசினேன். அதுவும் உங்க தம்பி பேர்ல போயிடுச்சு. அதை மட்டும் மறக்காம போடுங்க."

அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொன்னாள், தம்பி காதில் விழுகிற மாதிரி. அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று முறை நான் எழுதியபோது அசையாத ஆள், அவர் பெயரைப் பார்த்ததும் ஓடுகிறானா என்று அம்மாவிடம் கத்தினான். சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டோர் கீப்பர் வீட்டுக்கே கிளம்பிவிட்டான். அக்காவும் அம்மாவும் தடுத்துப் பார்த்தும் நிற்கவில்லை.

அங்கே நடந்ததைப் பிறகு அவனே சொன்னான். கதவைத் திறந்தது அவருடைய மனைவி. இவன் யார் என்று தெரிந்ததும் அந்த அம்மா சிரித்துவிட்டு, என் வீட்டுக்காரர் என்னைப் பற்றிச் சொன்னது உங்கள் வாயால்தான் எனக்குத் தெரிந்தது என்றார். பிரிவுபசாரக் கூட்டத்துக்கு அந்த அம்மா போகவில்லை. கணவரும் வந்து சொல்லவில்லை. சண்டை போட வந்தவனுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கூடத்து மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்துகொடுத்தான். அவன் ஏறி நின்ற நாற்காலியை ஸ்டோர் கீப்பர் பிடித்துக்கொண்டார். கூரை விஷயத்தில் மேலாளரிடம் தானே போய் உண்மையைச் சொல்கிறேன் என்றார். இவன் வேண்டாம் என்றான். சொன்ன பிறகு, ஏன் வேண்டாம் என்றோம் என்று வழியெல்லாம் யோசித்தபடி வந்தானாம்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு அவன் நேராக அவளைப் பார்த்தான்.

"வேணும்னு பண்ணலையே?"

"இல்லடா. தலைப்பை மாத்தினேன், பெட்டியை மாத்தல. அவ்வளவுதான்."

சரி என்றான். நம்பினானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது தண்ணீர்ச் சொம்பை அவளிடமே கேட்டான்.

அடுத்த இதழ் வருவதற்குள் கூரை பூசி முடிந்துவிட்டது. திருத்தத்தை இரண்டாம் பக்கத்தில் போட்டாள். ஸ்டோர் கீப்பர் தன் மனைவியைப் பற்றிச் சொன்னது முழுதும் ஒரே பெட்டியில் வந்தது. கூரை பற்றிய கட்டுரை எலக்ட்ரீஷியனுடையது என்று ஒரு வரியும் போட்டாள். மேலாளர் அதைப் படித்தாரா என்று தெரியவில்லை. படித்திருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சு மட்டும் ஓயவில்லை. கேன்டீனில் ஒருவர் தெரிந்த இடத்தில் பெண் இருப்பதாக அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். அம்மா அதை விடுவதாக இல்லை.

இரண்டு மாதம் கழித்து தம்பி மறுபடி ஒரு கட்டுரை கொண்டுவந்தான். வடிகட்டி மேடைப் படிக்கட்டில் விளக்கு இல்லாதது பற்றி. அவள் அதைப் பெட்டியில் கொட்டிப் பார்த்தாள். மூலையில் சிவப்புக் குறி வந்தது.

"ஒரே பக்கத்துல அடங்காதா?" என்றான்.

இரண்டு பத்தி குறைத்தால் அடங்கும் என்றாள். அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேலாளரைத் திட்டியிருந்த பத்திகளில் எதை எடுப்பது என்று பார்க்க ஆரம்பித்தான்.